திருநாளுக்குப் பயந்து தீவுக்குப் போனோம்

அமைதி வேண்டும் என்று கேட்டவள் என் மனைவி பிலோமினா. அதற்குத் திட்டம் போட்டவன் நான். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

சேதராப்பட்டில் ஒரு பம்பு கம்பெனியில் பிளானிங் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எந்த மெஷினில் எந்த நாளில் எத்தனை பீஸ் என்று கட்டம் கட்டமாக எழுதுவதுதான் வேலை. எழுதியபடி ஒருநாளும் நடந்ததில்லை. அதற்காகக் கட்டம் போடுவதை நான் விட்டுவிடவும் இல்லை. பிலோமினா அரசு ஆஸ்பத்திரியில் முப்பத்துநாலு வருஷம் நர்ஸ். இந்தக் கோடையில்தான் மாலை போட்டு அனுப்பிவைத்தார்கள். அனுப்பிவைத்தது ஆஸ்பத்திரி மட்டும்தான், ஊர் அவளை விடவில்லை. பாண்டி முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டு ஜன்னல் ரோட்டைப் பார்த்தது. காலை ஆறு மணிக்கெல்லாம் கம்பியைத் தட்டி, "சிஸ்டர், இந்த மாத்திரைய சாப்பிட்டுப் போடறதா, சாப்பிடாம போடறதா?" என்று யாராவது நிற்பார்கள். ஆட்டோக்காரர், மீன்கார அம்மா, எதிர்வீட்டுத் தமிழ் வாத்தியார், வாத்தியாரின் மாமியார். டோக்கன் கொடுக்காததுதான் பாக்கி.

என் அக்கா மகனுக்குப் பிரான்சில் கல்யாணம் என்று பத்திரிகை வந்த அன்று அவள் சொன்னாள்: "கல்யாணம் முடிஞ்சதும் எங்கனா ஒரு எடத்துக்குப் போவணும். ஒரே ஒரு வாரம். யாரும் என்னை சிஸ்டர்னு கூப்பிடக் கூடாது. நான் நர்ஸுன்னு ஒருத்தர்கிட்டயும் நீங்க சொல்லக் கூடாது. முடியுமா உங்களால?"

"ஏன் முடியாது?" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது, நம்பவில்லை என்று.

அன்றைக்கே ஸ்கேலும் பென்சிலுமாக உட்கார்ந்துவிட்டேன். அக்கம்பக்கத்தில் யாருமில்லாத, விமானம் இறங்காத, கப்பலில் மட்டுமே போகக்கூடிய ஒரு கிரேக்கத் தீவைக் கண்டுபிடித்தேன். படங்களில் வெள்ளை வீடு, நீலக் கதவு, ஒரு பூனை. ஆள் நடமாட்டமே இல்லை. தேதி குறித்ததில்தான் என் மூளை வேலை செய்தது. ஆகஸ்டில் எங்கள் தெரு மாதா கோயிலில் திருநாள். கொடியேற்றத்திலிருந்து பதினைந்தாம் தேதித் தேர் வரைக்கும் எங்கள் ஜன்னலுக்கு நேரெதிர்க் கம்பத்தில் நாலு குழாய் கட்டுவார்கள். அந்தச் சத்தத்திலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்று அந்த வாரத்தையே பார்த்துக் குறித்தேன். பதினொரு பக்கம் பிரிண்ட் எடுத்தேன். அதில் மூன்றாம் நாள், மாலை ஐந்தரைக்கு நேராக "கடற்கரையில் அமைதி, ஒரு மணி நேரம்" என்று எழுதியிருந்தேன். படித்துவிட்டு பிலோமினா தலையில் அடித்துக்கொண்டாள்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. ஊரிலிருந்து ஆளாளுக்குக் கொடுத்தனுப்பிய ஊறுகாய், பொடி, வடகம் எல்லாவற்றையும் உரியவர்களிடம் சேர்த்துவிட்டு, காலிப் பெட்டியோடு கிரீஸ் துறைமுகத்தில் போய் நின்றோம். பதிமூன்றாம் தேதி காலை ஏழு மணி.

படகுத்துறையை நான் வேறு மாதிரி நினைத்து வைத்திருந்தேன். நாங்கள் இரண்டு பேர், ஒரு கிழவர், ஒரு கூடை மீன். அங்கே பார்த்தால் வேளாங்கண்ணிக்கு பஸ் ஏறுகிற கூட்டம். கப்பல் பின்பக்கக் கதவை இறக்கிப் போட்டதும் லாரி, கார், தள்ளுவண்டி, குழந்தைகுட்டி எல்லாம் ஒரே வழியாக உள்ளே போயின. பாட்டிகள் முழங்கையால் இடித்தார்கள். நானும் இடித்தேன், அந்த வித்தை நமக்கும் தெரியும். சிலர் கையில் ஆளுயர மெழுகுவத்தி. ஒரு குடும்பம் பூக்கூடைகளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தது. கடைசியாக ஊதா உடுப்பில் பேண்டு செட் ஒன்று, பெரிய டிரம்மோடு ஏறியது.

மேல்தட்டில் பக்கத்து இருக்கையில் ஒரு பிரெஞ்சு அம்மாள். நான் பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சு, புழக்கத்தில் இல்லாத பழைய தினுசு. அதை எடுத்து விட்டு, "மதாம், இவர்கள் எல்லோரும் எங்கே போகிறார்கள்?" என்றேன்.

"தெரியாதா உங்களுக்கு? நாளை மறுநாள் மாதா விண்ணேற்புத் திருநாள். கிரீஸ் முழுக்க அன்று தீவுகளுக்குத்தான் போகும். அதிலும் நீங்கள் இறங்கும் தீவில்தான் இந்தப் பக்கத்திலேயே பெரிய திருவிழா" என்றார் அந்த அம்மாள், எனக்கு நல்ல சேதி சொல்கிற முகத்தோடு.

இறங்கி ஓடிவிடலாமா என்று பார்த்தேன். கப்பல் இன்னும் கிளம்பவில்லை.

"இன்னா சொல்றாங்க?" என்றாள் பிலோமினா.

"காத்தடிக்குமாம்."

அவள் மெழுகுவத்தியைப் பார்த்தாள். பூக்கூடையைப் பார்த்தாள். ஒரு பையன் மார்பில் அணைத்துப் பிடித்திருந்த மாதா படத்தைப் பார்த்தாள். "ஏங்க, இன்னிக்குத் தேதி இன்னா?"

"பதிமூணு."

"அப்போ நாளன்னிக்கு?"

நான் கடலைப் பார்த்துக்கொண்டேன். ஞானஸ்நானம் பெற்றவன், சின்ன வயசில் தேர் தூக்கித் தோள் காய்த்தவன், மாதா திருநாளுக்குப் பயந்து மாதா திருநாளுக்கே டிக்கெட் வாங்கியிருக்கிறேன். கிரேக்கர்கள் வேறு சபை, இதெல்லாம் நம்ம ஊர்க் கூத்து என்று நானே முடிவு கட்டிக்கொண்டதன் பலன். பிலோமினா திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. சிரித்துவிட்டாள். "போவட்டும். சத்தம் எனக்குப் பெரிசில்ல. நீங்க வாய மூடிக்கினு வந்தா போதும்" என்றாள்.

காற்று நிஜமாகவே அடித்தது. பொய் சொன்னதற்குக் கூலி. பாண்டி பீச்சில் நாற்பது வருஷம் சாயங்காலம் தவறாமல் கல்லில் உட்கார்ந்து, இன்றைக்குக் கடல் சரியில்லை, இன்றைக்குப் பரவாயில்லை என்று அபிப்பிராயம் சொன்னவன் நான். கடலுக்கும் எனக்கும் உள்ள பழக்கம் அவ்வளவுதான், முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. கப்பல் ஒரு தரம் ஏறி இறங்கியதும் காலையில் சாப்பிட்டது மேலே வந்தது. அடுத்த தரம் நேற்றுச் சாப்பிட்டதும் வந்தது. எனக்கு பிரஷர் உண்டு. அதனால் பிலோமினா பி.பி. பார்க்கிற சின்ன மெஷினை எங்கே போனாலும் கைப்பையில் வைத்திருப்பாள். அங்கேயே என்னைச் சாய்த்துப் படுக்கவைத்து, காலரைத் தளர்த்தி, கையில் பட்டையைச் சுற்றி, ஒரு கையால் நாடி, ஒரு கையால் காகிதப் பை. இரண்டே நிமிஷம். சுற்றி நின்றவர்கள் வாய் பிளந்து பார்த்தார்கள்.

"உங்கள் மனைவி டாக்டரா?" என்றார் பிரெஞ்சு அம்மாள்.

இங்கேதான் நான் செத்திருக்க வேண்டும். இரண்டு வாந்திக்கு நடுவில், தலையை நிமிர்த்தி, நெஞ்சை நிமிர்த்தி, "இல்லை மதாம், தலைமை நர்ஸ். முப்பத்துநாலு வருஷம்!" என்றேன். பெருமை. என்ன செய்வது, பெண்டாட்டியைப் பற்றிப் பெருமை வந்தால் எனக்கு நாக்கு நிற்காது. சொன்ன பிறகு அதே நாக்கைக் கடித்துக்கொண்டேன். பிலோமினாவுக்கு பிரெஞ்சு வராது என்பது ஒன்றே ஆறுதல். ஆனால் பிரெஞ்சு அம்மாள் பக்கத்துப் பாட்டியிடம் ஏதோ சொன்னார். பாட்டி பேண்டு மாஸ்டரிடம் சொன்னார். பேண்டு மாஸ்டர் எங்களைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

எங்களுக்கு அறை கொடுத்த வீட்டுக்கார அம்மாள் எலேனி, கரையில் காத்திருந்தார். பெல்ஜியத்தில் ஓட்டல் சமையலறையில் பாதி ஆயுசைக் கழித்தவர், அதனால் பிரெஞ்சு பேசுவார். வாட்டசாட்டமான ஆள், கால் மட்டும் வீங்கியிருந்தது. எங்களுக்கு முன்னால் இறங்கிய பாட்டி அவர் காதில் என்னவோ சொல்லிவிட்டுப் போனார். எலேனி நேராகப் பிலோமினாவிடம் வந்து, இரண்டு கையையும் பிடித்து, "அதெல்ஃபி!" என்றார்.

"அப்படின்னா?" என்றாள் பிலோமினா.

நான் எலேனியிடம் கேட்டேன். சகோதரி என்று அர்த்தமாம். கிரீஸிலும் நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். உலகத்தில் எத்தனையோ மொழி இருக்கிறது, இந்த மொழிக்காரர்களுக்கு இந்த வழக்கம் எதற்கு?

"அன்பா கூப்பிடறாங்க" என்றேன்.

"சொல்லிட்டீங்களா?"

எனக்குத் திருட்டு முழி மறைக்கத் தெரியாது. அவள் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு படியேறினாள்.

அறை, படத்தில் இருந்தபடியே இருந்தது. வெள்ளைச் சுவர், நீலக் கதவு, பூனைகூட அதே பூனைதான். கறி கிடைக்கும் என்ற ஆசையில் சாப்பிட உட்கார்ந்தேன். திருநாளுக்கு முன்னால் பதினைந்து நாள் ஒருசந்தியாம். மண்சட்டியில் வெந்த கொண்டைக்கடலையும் ரொட்டியும் வந்தன. பெரியவெள்ளிக்கு விரதம் இருப்பவனிடம் ஆகஸ்டிலும் விரதம் இருக்கச் சொன்னால் எப்படி? பாண்டியிலிருந்து கிளம்பி, கடல் தாண்டி, குடலெல்லாம் வெளியே வந்து, கடைசியில் சுண்டல். ஆனால் ருசியாகத்தான் இருந்தது. மூன்று தட்டு சாப்பிட்டேன்.

பதினான்காம் தேதி காலையில் கதவைத் தட்டினார்கள். எலேனி வீங்கின காலோடு நின்றார். பின்னால் தங்கச்சி, தங்கச்சிக்குப் பின்னால் ரொட்டிக் கடைக்காரர். ஊரில் மேலே கோயில் பக்கத்தில் ஒரு வைத்திய நிலையம் இருக்கிறது, டாக்டரும் இருக்கிறார். ஆனால் டாக்டரிடம் போனால் உப்பைக் குறை, சிகரெட்டை விடு என்பாராம். அதெல்ஃபி என்றால் காலைப் பிடித்துப் பார்ப்பாராம். முதலியார்பேட்டை ஜன்னலில் கேட்ட அதே காரணம்.

பிலோமினா முடியாது என்று சொல்லவில்லை. அவளுக்கு அந்தச் சொல் வராது. காலைப் பிடித்துப் பார்த்தாள், அழுத்திப் பார்த்தாள், தலையணை வைத்து உயர்த்தச் சொன்னாள். நான் மொழிபெயர்த்தேன். என் பதினொரு பக்கத்தில் அந்த நேரத்துக்கு "பறவைகள்" என்று இருந்தது. ஒரு மணிவரைக்கும் ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். வந்தவர்கள் தக்காளி, அத்திப்பழம், ஒரு பெரிய ஜாடி தேன் என்று வைத்துவிட்டுப் போனார்கள்.

மத்தியானம் படியில் உட்கார்ந்திருந்தாள். கீழே துறையில் கயிற்றில் ஆக்டோபஸைத் துணி மாதிரி காயப்போட்டிருந்தார்கள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"கோவமா?"

"கோவம் இல்ல. நீங்க கெட்டவர் இல்ல, உங்க வாயிதான் கெட்டது." ஒரு அத்திப்பழத்தைப் பிட்டு எனக்குப் பாதி கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "முப்பத்துநாலு வருஷத்துல ஒரு நாளாவது நானா முழிச்சேனா? டியூட்டிக்கு அலாரம். லீவுன்னா போனு. இப்போ ஜன்னலு. சத்தத்துல எல்லாம் நான் தூங்கிடுவேங்க, நைட்டு டியூட்டி முடிச்சிட்டு நம்ம கோயில் குழாய்க்கு நேரா படுத்துத் தூங்கினவதானே நான்? யாராச்சும் கூப்பிட்டாதான் எழுந்துடறேன். ஒரே ஒரு நாள், யாரும் கூப்பிடாம நானா கண்ணு முழிக்கணும். அவ்ளோதான் ஆசை."

நான் சத்தத்துக்குத் திட்டம் போட்டிருந்தேன். கட்டம் கட்டமாக, ஸ்கேல் வைத்து. அவள் கேட்டது வேறு என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தவளைப் பற்றி இதுகூடத் தெரியாமல் இருந்திருக்கிறேனே என்று வெட்கமாகவும் இருந்தது, துக்கமாகவும் இருந்தது.

பதினைந்தாம் தேதி விடியற்காலைப் பூசைக்குப் போனோம். வந்ததும், "கொஞ்சம் படுக்கறேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். மணி ஒன்பது. நான் நாற்காலியை வாசலுக்கு நேராகப் போட்டு, பி.பி. மெஷினை மடியில் வைத்து உட்கார்ந்தேன்.

முதலில் எலேனி வந்தார். "அதெல்ஃபி..." என்று வாயெடுத்ததுமே எழுந்து நின்றேன். "இன்றைக்கு நர்ஸ் நான்தான், மதாம்."

ஏற இறங்கப் பார்த்தார். கப்பலில் நான் கிடந்த கிடப்பை ஊரே கேள்விப்பட்டிருந்தது. விஷயத்தைச் சொன்னேன். உளறிக் கொட்டியவன் நான் என்பதையும், அவள் கேட்டது என்ன என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன். எலேனி உள்ளே போய் இன்னொரு நாற்காலி கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அதன் பிறகு வந்தவர்களை எல்லாம் அவர் கிசுகிசுவென்று அதட்டினார், நான் பட்டையைச் சுற்றி பட்டனை அழுத்தினேன். நம்பரைப் பயணத் திட்டத்தின் பின்பக்கத்தில் எழுதினேன். அந்தக் காகிதம் அன்றைக்குத்தான் முதல் தடவையாக எதற்கோ உபயோகப்பட்டது.

பத்தரை மணிக்கு எலேனியின் அண்ணன் வந்தார், மீன் பிடிக்கிறவர். முகம் சிவந்திருந்தது. தலை வலிக்கிறது, கண் மங்கலாகத் தெரிகிறது என்றார். அழுத்தினேன். இருநூற்றைத் தாண்டி நின்றது. இன்னொரு தரம் அழுத்தினேன், அதே நம்பர்தான்.

கை கதவுப் பக்கம் போய்விட்டது. தட்டினால் போதும், அரை நிமிஷத்தில் எழுந்து வந்து பார்த்துக்கொள்வாள். எனக்கு ஒரு இழவும் தெரியாது. இந்த ஆளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? எழுப்பாமல் விட்டேன் என்று தெரிந்தால் பிலோமினா ஜென்மத்துக்கும் என்னை மன்னிக்க மாட்டாள். எழுப்பினாலோ, அந்த ஒரு நாளும் போச்சு. விரலை மடக்கிக்கொண்டு நின்றேன். அப்போதுதான் உறைத்தது, மேலே டாக்டர் இருக்கிறாரே! அவளை எழுப்பினாலும் அவள் முதலில் அதைத்தானே சொல்வாள்?

"மதாம், நீங்கள் காவல்" என்று எலேனியிடம் சொல்லிவிட்டு, அந்த ஆளின் கையை என் தோளில் போட்டுக்கொண்டேன். ரொட்டிக் கடைக்காரர் சாமான் ஏற்றும் மூன்று சக்கர வண்டியைக் கொண்டுவந்தார். ரொட்டிக் கூடைகளுக்கு நடுவில் இருவரும் உட்கார்ந்து, திருநாள் கூட்டத்தில் ஹாரன் அடித்துக்கொண்டு மேலே போனோம். வைத்திய நிலையத்தில் டாக்டர் ஒரு சின்னப் பெண். உடனே படுக்கவைத்து மருந்து கொடுத்தார். முக்கால் மணி நேரத்தில் நம்பர் இறங்கத் தொடங்கியது. "நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள். நீங்கள்தான் அந்த நர்ஸா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை, அவருடைய வீட்டுக்காரன்" என்றேன். எனக்கு அழுகை வரும்போல் இருந்தது.

இறங்கி ஓடிவந்தேன். ஓட்டம் என்று நான் சொல்கிறேன், பார்த்தவர்கள் வேறு சொல்லலாம். எனக்குப் பின்னாலேயே கோயில் மணி அடித்து ஊர்வலம் கிளம்பிவிட்டது. முன்னால் ஊதா பேண்டு, நடுவில் பூவால் மூடிய மாதா படம், பின்னால் ஜனம். நான் வாசலை எட்டும்போது டிரம் சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்தது. உள்ளே அசைவே இல்லை, அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். சொன்னவள் சொன்னபடி.

எலேனிக்கு அது தெரியாதே! வீங்கின காலோடு தெரு நடுவில் போய் நின்று, கையை உயர்த்தி, உதட்டில் விரலை வைத்தார். பேண்டு மாஸ்டர் எங்கள் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், புரிந்துகொண்டார். டிரம் நின்றது. டிரம்பெட்டுகள் இறங்கின. நம்ம ஊரில் யாராவது தேருக்கு முன்னால் போய் மேளத்தை நிறுத்தச் சொல்லியிருந்தால் அவரையும் சேர்த்துத் தேரில் கட்டியிருப்பார்கள். இங்கே அவ்வளவு பேரும் செருப்பு உரசாமல், மூச்சுவிடாமல், குதிகாலைத் தூக்கி நடந்தார்கள்.

கதவு படாரென்று திறந்தது.

"இன்னா ஆச்சு? யாருக்கு இன்னா?" பிலோமினா தலை கலைந்து, வெறுங்காலோடு நின்றாள். கை தானாகச் சட்டைப்பையில் இல்லாத பேனாவைத் தேடியது.

"யாருக்கும் ஒன்னும் ஆவல. நீ தூங்கணும்னு ஊரே சத்தம் போடாம போவுது."

நின்று பார்த்தாள். நுனிக்காலில் நிற்கிற பாட்டிகளை, டிரம்மைக் கட்டிப் பிடித்திருக்கிற பேண்டுக்காரரை, பூவுக்கு நடுவில் மாதாவை. சிலுவை போட்டுக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. "வார்டுல திடீர்னு சத்தம் நின்னா யாரோ போயிட்டாங்கன்னு அர்த்தங்க. அதான் தூக்கிவாரிப் போட்டுது" என்றாள். அப்புறம், "வாசிக்கச் சொல்லுங்க" என்றாள்.

நான் எலேனிக்குச் சொன்னேன். எலேனி தெருவுக்குக் கத்தினார். டிரம் இடித்தது பாருங்கள், பூனை கூரை மேல் ஏறிவிட்டது. பிலோமினா கதவைச் சாத்திக்கொண்டாள். ஊர்வலம் முழுசாகத் தாண்டிப் போகும் முன்பே குறட்டை கேட்டது.

அதற்குப் பிறகு நானும் எலேனியும் வாசலைவிட்டு நகரவில்லை. ஒருசந்தி முடிந்து கோயில் முற்றத்தில் பெரிய அண்டாவில் ஆட்டுக்கறி வெந்தது, வாசனை எங்கள் வாசல் வரைக்கும் வந்தது. நான் போகவில்லை. இதை என் வாழ்க்கையின் பெரிய தியாகங்களில் சேர்க்கலாம். ரொட்டிக் கடைக்காரர் இரண்டு தட்டு மூடி வைத்துக் கொண்டுவந்தார். அண்ணன் எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்தரை மணிக்கு வெயில் சுவரில் பாதி இறங்கியிருந்தது. என் பதினொரு பக்கத்தின்படி நாங்கள் கடற்கரையில் அமைதியாக இருக்க வேண்டிய நேரம். தாழ்ப்பாள் மெதுவாகத் திறந்தது. எலேனி "அதெ..." என்று தொடங்கி, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

பிலோமினா நிலைப்படியில் நின்று சோம்பல் முறித்தாள். கன்னத்தில் தலையணைக் கோடு. என்னையும், மடியில் இருந்த மெஷினையும், காகிதத்தில் நான் எழுதியிருந்த நம்பர்களையும் பார்த்தாள். இருநூற்றைத் தாண்டிய நம்பரில் கண் நின்றது.

"டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிட்டேன். நல்லா இருக்காரு" என்றேன்.

"நீங்களாவா?"

"நானாத்தான்."

வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு என் கையைப் பிடித்து, "ஏங்க, யாருமே கூப்பிடலங்க. நானாத்தான் முழிச்சேன்" என்றாள்.